ஐந்து மீட்டர் நடை

எண்பது பிராயம் கடந்த முதியவர் ஒருவர் மாடிப்படியில் பாதி ஏறுவதற்குள் மூச்சு முட்டி உட்கார்ந்துவிடுகிறார். பரிசோதித்த வைத்தியர், இருதயத்திலிருந்து ரத்தம் புறப்படும் வாசலிலுள்ள பெருந்தமனி வால்வு சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டது என்றும், மார்பைப் பிளக்காமல் தொடைத் தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்திப் புதிய வால்வைப் பொருத்திவிடலாம் என்றும் சொல்கிறார். ‘அபாயம் எவ்வளவு?’ என்று குடும்பத்தார் கேட்கிறார்கள். விடையாக ஒரு சதவீதம் சொல்லப்படுகிறது. அந்தச் சதவீதம் அவசியமானதே. ஆயினும் அதை மாத்திரம் கேட்டுக்கொண்டு சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திடலாகாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

இந்தச் சிகிச்சையின் முதல் சரித்திரமே இதற்குச் சாட்சி சொல்கிறது. 2002 ஏப்ரல் 16 அன்று, பிரான்ஸ் தேசத்து ருவான் நகரில், ரண சிகிச்சை நிபுணர்கள் கைவிட்டுவிட்ட 57 வயது நோயாளி ஒருவருக்கு அலேன் கிரிபியே என்ற இருதய நிபுணர் உலகிலேயே முதன்முறையாகக் குழாய் வழியே வால்வைப் பொருத்தினார். வால்வு செம்மையாக இயங்கியது. ஆனால் சிகிச்சைக்கு முன்பே ரத்த ஓட்டம் குன்றியிருந்த அவருடைய காலை வெட்டி எடுக்க நேர்ந்து, புண் ஆறாமல் தொற்றும் சேர்ந்துகொள்ள, 17 வாரங்களில் அவர் காலமானார். இருதயத்தின் வாசல் ஒன்றைச் செப்பனிட்டுவிடுவதால் சரீரம் முழுவதும் செப்பமாகிவிடாது என்ற பாடம் அன்றே எழுதப்பட்டுவிட்டது.

ரண சிகிச்சையைத் தாங்கவியலாதவர்களிடையே நடந்த ‘பார்ட்னர்’ ஆய்வின் முடிவுகள் 2010-இல் வெளிவந்தன. வழக்கமான வைத்தியம் பெற்றவர்களில் ஓராண்டுக்குள் 50.7 சதவீதத்தினர் மாண்டனர். புதிய வால்வு பெற்றவர்களில் 30.7 சதவீதத்தினர் மாண்டனர். நூற்றுக்கு இருபது உயிர்களைக் காத்த அச்சாதனையைப் போற்றாதிருக்க முடியாது. அதே சமயம், புதிய வால்வு பெற்றும் ஓராண்டைக் காணாத முப்பது பேரை முன்கூட்டியே எவ்வாறு அறிவது என்ற கேள்வியையும் அந்த எண்களே எழுப்பின.

அந்நாளில் வைத்தியர்களின் கையிலிருந்த ‘எஸ்டிஎஸ்’, ‘யூரோஸ்கோர்’ என்னும் அளவுகோல்கள் மார்பைத் திறந்து செய்யும் சிகிச்சையின் அனுபவத்திலிருந்து பிறந்தவை. அவற்றுள் பழைய யூரோஸ்கோர், குழாய் வழிச் சிகிச்சைக்கு உள்ளதைவிட மிகுதியான அபாயத்தைக் காட்டியது. பின்னர், குழாய் வழியே வால்வு பெற்ற அமெரிக்க நோயாளிகளின் பதிவேட்டைக் கொண்டே 2016-இல் ஒரு கணக்கு உருவாயிற்று. அதுவும் முக்கியமாக, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவதற்குள் நேரக்கூடிய மரணத்தையே கணிக்கிறது. எவ்வளவு நேர்த்தியான கணக்கும் நூறு பேரில் எத்தனை பேர் என்று சொல்லுமேயன்றி, நம் எதிரில் அமர்ந்திருப்பவர் அவர்களுள் ஒருவரா என்று சொல்லாது.

அந்த ஒருவரை அறிவதற்கு எளிய வழிகள் உண்டு. ஐந்து மீட்டர் தூரத்தை வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லலாம். ஆறு விநாடிக்கு மேல் பிடித்தால் நடை தளர்ந்திருக்கிறது என்று கொள்வது வழக்கம். மூன்று தேசங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட முதியோரைப் பின்தொடர்ந்து 2017-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்திருக்கும் திறன், ஞாபக சக்தி, ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், அல்புமின் என்னும் புரதம் ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தால், ஓராண்டுக்குள் நேரும் மரணத்தை மற்றத் தளர்ச்சி அளவுகோல்களைவிட நன்றாகக் கணிக்கலாம் என்று கண்டது. இவற்றிற்கு விலையுயர்ந்த யந்திரம் எதுவும் வேண்டியதில்லை. இவற்றோடு, இருதயத்தின் வலப்புற மின்கிளை ஏற்கெனவே தடைப்பட்டிருப்பதாக இசிஜி காட்டினால் பின்னர் பேஸ்மேக்கர் தேவைப்படும் சாத்தியம் அதிகம் என்பதையும், சிறுநீரகம் பழுதுபட்டவருக்குச் சிகிச்சையின்போது செலுத்தும் சாய மருந்தால் மேலும் கெடுதல் நேரலாம் என்பதையும் முன்னரே எடுத்துச் சொல்லிவிடலாம்.

நம் நாட்டில் இச்சிகிச்சைக்குப் பல லட்சம் ரூபாய் செலவாகிறது. நிலத்தையோ நகையையோ அடகு வைத்துத் தகப்பனாரைக் காக்க முனையும் குடும்பத்துக்கு, அவர் உயிரோடு வீடு திரும்புவார் என்ற உறுதியோடு, அடுத்த வருஷம் அவர் எப்படி இருப்பார் என்ற விவரமும் தெரிய வேண்டும். ஆகையால் நம் மருத்துவமனைகள் சிகிச்சைக்கு முன் நோயாளியின் தளர்ச்சியை அளந்து எழுதிவைப்பதும், ஓராண்டு கழித்து அவர் நிலையை விசாரித்துப் பதிவு செய்வதும், அப்பதிவுகளைக் கொண்டு நம் மக்களுக்குப் பொருந்தும் கணக்கை வகுப்பதும் கடமையாகும்.

தளர்ந்தவர்களுக்குச் சிகிச்சையை மறுக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. வால்வு இவ்வளவு இறுகி மூச்சுத்திணறலும் மயக்கமும் தோன்றிய பின் வாளாவிருந்தால் ஆயுள் சில ஆண்டுகளில் முடிந்துவிடும். வைத்தியம் செய்யாதிருப்பதும் ஓர் அபாயமே. இரண்டு அபாயங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பிள்ளைகளிடம் மட்டுமன்றி அந்தப் பெரியவரிடமே பேச வேண்டும். எழுந்து கோயில் வரை நடந்து போய்வர வேண்டும் என்பாரோ, வலியின்றி வீட்டில் இருந்தால் போதும் என்பாரோ, அதை அவர் வாயால் கேட்டறிந்த பிறகு சொல்லப்படும் சதவீதமே அவருக்கு உரிய சதவீதமாகும்.