5,000 கொடுத்தால் 5,500: அந்த மேலதிக 500 ரூபா யாருக்கு?

நோன்புப் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் அருகருகே வரும் காலம் இது. தொலைபேசிக்கு வந்து குவியும் விளம்பரங்களில் ஒரு வகை எல்லோருக்கும் பழக்கமானதுதான். "5,000 ரூபாவுக்குப் பரிசு வவுச்சர் வாங்குங்கள், 500 ரூபா மேலதிகமாகப் பெறுங்கள்." ஆடைக் கடையும் பாதணிக் கடையும் சுப்பர் மார்க்கெட்டும் தொகையை மாற்றி மாற்றி இதையே சொல்கின்றன.

வாங்குபவர்கள் மூன்று வகையினர். பிள்ளைகளுக்குப் பெருநாள் உடுப்பு எடுக்கும் குடும்பத்தார் ஒரு வகை. ஊழியர்களுக்குப் பெருநாள் அன்பளிப்பு கொடுக்கும் நிறுவனத்தார் இன்னொரு வகை. மூன்றாவது, ஏழைக் குடும்பங்களுக்கு உலருணவுப் பொதிக்குப் பதிலாக வவுச்சர் பகிரும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஸகாத் குழுக்களும். முதல் இரு வகையினர் தமது பணத்தைத் தாமே செலவிடுகிறார்கள். மூன்றாவது வகையினர் பிறருக்குரிய பணத்தைச் செலவிடுகிறார்கள். இந்தக் கட்டுரையை நான் எழுதுவது பெரும்பாலும் அவர்களை முன்னிட்டுத்தான். எனினும் முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

5,000 கொடுத்து 5,500-க்குப் பொருள் வாங்கினால் கிடைக்கும் கழிவு 10 வீதம் என்று விளம்பரம் சொல்லும். உண்மையில் 5,500 ரூபாப் பொருளில் 500 ரூபா குறைகிறது. அது 9 வீதம்தான். பில் 6,200 ரூபாவுக்குப் போய், மிச்சம் 700 ரூபாவைக் கையிலிருந்து கொடுத்தால் கழிவு 8 வீதமாகிறது. வவுச்சர் கையில் இருக்கும்போது பில் அதன் தொகையோடு நிற்பது அபூர்வம் என்பது கடைக்காரருக்குத் தெரியும்.

இதைவிட முக்கியமானது, மேலதிகத் தொகை எந்த வடிவில் வருகிறது என்பது. பல இடங்களில் அந்த 500 ரூபா வவுச்சரோடு சேர்ந்து வருவதில்லை; தனிக் கூப்பனாக வருகிறது. அடுத்த மாதம்தான் பாவிக்கலாம், குறைந்தது 3,000 ரூபாவுக்கு வாங்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். அப்போது நீங்கள் 8,000 ரூபாப் பொருளுக்கு 7,500 ரூபா கொடுக்கிறீர்கள். கழிவு ஆறேகால் வீதம். அந்த இரண்டாவது 3,000 ரூபாக் கொள்வனவு உங்களுக்குத் தேவைப்படாத ஒன்றென்றால், 500 ரூபாவைப் பெறுவதற்காக 2,500 ரூபாவை வீணாக்கியதுதான் மிச்சம்.

மேலதிகக் கூப்பன் வவுச்சரைவிட முன்னதாகவே காலாவதியாகும் என்பதையும் கவனிக்க வேண்டும். இது நம் நாட்டு வழக்கம் மட்டுமல்ல. அமெரிக்காவில் 2009 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி பரிசு அட்டையில் உள்ள பணம் 5 வருடங்களுக்கு முன் காலாவதியாகக் கூடாது. ஆனால் விளம்பரச் சலுகையாக இலவசமாகக் கொடுக்கப்படும் அட்டைகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. காலாவதித் திகதியைத் தெளிவாக அச்சிட்டிருந்தால் போதும். காசு கொடுத்து வாங்கியது ஒன்று, இனாமாக வந்தது வேறொன்று என்று அங்கு சட்டமே பிரித்து வைத்திருக்கிறது.

உண்மையான இலாபம் எடுக்க வழியே இல்லையா? இருக்கிறது. எப்படியும் வாங்கவேண்டிய பொருள், எப்படியும் போகும் கடை, சில வாரங்களுக்குள் செலவாகும் தொகை ஆகிய மூன்றும் பொருந்தினால் வவுச்சர் நல்ல கொள்வனவு. கடை 20 வீதக் கழிவு விற்பனை நடத்தும்போது அதே வவுச்சரைப் பாவிக்க முடிந்தால் இரண்டு கழிவும் சேர்ந்து 27 வீதம் வரை வரும். கழிவுப் பொருட்களுக்கு வவுச்சர் செல்லுமா என்பதை வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மறுபுறம், சுப்பர் மார்க்கெட்டில் வாரத்தின் சில நாட்களில் மரக்கறி, பழம், மீன் ஆகியவற்றுக்கு வங்கி அட்டைகளுக்கு 20 வீதமும் அதற்கு மேலும் கழிவு கிடைக்கிறது. வவுச்சரால் பில் கட்டினால் அந்தக் கழிவு போய்விடும். 9 வீதத்தைப் பிடித்து 20 வீதத்தை விடுவது என்ன கணக்கு? கடனட்டையில் வவுச்சர் வாங்கி அந்தக் கடனை இழுத்தடிப்பவரைப் பற்றிப் பேசவே தேவையில்லை. வட்டி ஹராம் என்ற விடயம் ஒருபுறமிருக்க, ஒரு சில மாத வட்டியே மேலதிகத்தை விழுங்கிவிடும்.

"5,000 கொடுத்து 5,500 வாங்குவது வட்டியாகாதா?" என்று சிலர் என்னிடம் கேட்டதுண்டு. மார்க்கத் தீர்ப்பு சொல்ல நான் ஆலிம் அல்லன். கேட்கப் போகும்போது ஒரு விபரத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள்: ஒரே கடையில் பொருளாக மட்டும் மாற்றக்கூடிய வவுச்சரும், எங்கும் பணம் போலப் பாவிக்கக்கூடிய முன்கட்டண அட்டையும் ஒன்றல்ல. எதைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறலாம்.

சரி, கடைக்காரர் ஏன் இனாம் கொடுக்கிறார்? வவுச்சர் விற்கும் அன்றே பணம் கைக்கு வருகிறது; பொருள் எப்போதோ போகிறது. இடைப்பட்ட காலத்தில் அது அவருக்கு வங்கிக்குப் போகாமல் கிடைத்த முதல். அதோடு, விற்ற வவுச்சர்களில் ஒரு பங்கு ஒருபோதும் திரும்பி வருவதில்லை. மேசை இலாச்சியில் கிடக்கும், தொலையும், திகதி கடந்துபோகும். நம் நாட்டு நிறுவனங்கள் பின்பற்றும் எஸ்.எல்.எப்.ஆர்.எஸ். 15 என்ற கணக்கீட்டு நியமம் இதற்கு இடம் வைத்திருக்கிறது. வவுச்சர் விற்றதும் அது வருமானமாகப் பதியப்படுவதில்லை. வாடிக்கையாளருக்குத் தரவேண்டிய பொறுப்பாகவே பதியப்படும். ஆனால் அனுபவத்தின்படி திரும்பி வராது என எதிர்பார்க்கும் பங்கை உரிய முறையில் வருமானமாகக் காட்டலாம். ஸ்டார்பக்ஸ் நிறுவனம் மட்டும் இப்படி வாடிக்கையாளர் பாவிக்காமல் விட்ட அட்டைப் பணத்திலிருந்து அண்மைய ஆண்டுகளில் வருடத்துக்கு ஏறத்தாழ 20 கோடி டொலரை வருமானமாகக் காட்டியிருக்கிறது. மறதிக்கு இவ்வளவு விலை!

மறக்காமல் பத்திரமாக வைத்திருப்பவருக்கும் ஆபத்து உண்டு. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பொருட்களுக்கு 94.9 வீதம். 2021 செப்டெம்பரில் 5,000 ரூபா கொடுத்து 5,500 ரூபாவுக்கான வவுச்சர் வாங்கி, ஒரு வருடம் வைத்திருந்து சாமான் வாங்கப் போனவருக்கு, முந்தைய விலையில் 2,800 ரூபா அளவுக்கான உணவுப் பொருட்களே கிடைத்திருக்கும். இப்போது நிலைமை அப்படியில்லை. 2024 செப்டெம்பரில் சுட்டெண் முந்தைய வருடத்தைவிடச் சற்றுக் குறைந்துகூட இருந்தது. எனினும் விலை ஏறினால் அந்த நட்டம் முழுவதும் வவுச்சரை வைத்திருப்பவர் தலையில்தான் விழுகிறது.

கடை மூடப்பட்டாலோ? பிரித்தானியாவின் எச்.எம்.வி. இசைக்கடை 2013 ஜனவரியில் நிர்வாகிகளின் கைக்குப் போனபோது முதலில் பரிசு அட்டைகளை ஏற்க மறுத்தது. மக்கள் கொதித்தெழுந்த பிறகுதான் மீண்டும் ஏற்றது. அமெரிக்காவின் பெட் பாத் அன்ட் பியோண்ட் 2023 ஏப்ரல் 23 இல் வங்குரோத்து மனு தாக்கல் செய்து, மே 8 வரை மட்டுமே பரிசு அட்டைகளை ஏற்பதாக அறிவித்தது. இரண்டு வாரம்தான். வவுச்சர் வைத்திருப்பவர் கடைக்குப் பிணையில்லாமல் கடன் கொடுத்தவர். வரிசையில் அவருடைய இடம் வங்கிகளுக்குப் பின்னால்.

இனி ஸகாத் குழுக்களின் விடயம். எங்கள் ஊரில் இந்த வேலையில் சில வருடங்கள் ஈடுபட்டவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

உதாரணத்துக்கு, 200 குடும்பங்களுக்குத் தலா 10,000 ரூபா வவுச்சர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 20 இலட்சம். இவ்வளவு பெரிய தொகைக்குக் கடை 5 வீதம் மேலதிகம் தர இணங்கினால் அது ஒரு இலட்சம் ரூபா. இன்னும் 10 குடும்பங்களின் பங்கு. அந்த ஒரு இலட்சம் கணக்கறிக்கையில் எங்கே எழுதப்பட்டிருக்கிறது? கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் கேட்கப்படுவதே இல்லை. கடை தானாகத் தருவதுமில்லை. கேட்பவருக்கு மட்டும் கிடைப்பது அது. கேட்டு வாங்கிய இடங்களிலும் அது இப்தார் செலவுக்கோ, உழைத்தவர்களுக்கு நன்றிக் கைமாறாகவோ போய்விடக்கூடும். யாரையும் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் 20 இலட்சம் ஏழைகளுக்குரியது என்றால் அதனால் விளைந்த ஒரு இலட்சமும் அவர்களுக்குரியதுதானே?

அடுத்து, வவுச்சர் வாங்கியவரின் வீட்டு நிலைமை. சுப்பர் மார்க்கெட் நகரத்தில் இருக்கிறது. போய்வர பஸ் காசு, சாமான் அதிகமென்றால் திரும்பி வர ஓட்டோ. ஊர்ச் சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் மரக்கறியை அங்கே கூடிய விலைக்கு எடுக்க வேண்டும். மின்சாரக் கட்டணத்துக்கோ பிள்ளையின் டியூசன் காசுக்கோ ஊர்க் கடைக் கொப்பியில் ஏறிப்போன கடனுக்கோ அந்த வவுச்சர் உதவாது. எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி, நோன்பில் கிடைத்த 5,000 ரூபா வவுச்சரை அயல்வீட்டுக்கு 4,000 ரூபாவுக்கு விற்றார். பிள்ளைக்கு மருந்து வாங்கக் காசு தேவைப்பட்டது. குழு 5 வீதம் மிச்சம் பிடித்ததென்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தபோது, அதைப் பெற்றவர் 20 வீதத்தை இழந்தார்.

"காசாகக் கொடுத்தால் சிகரெட்டுக்கும் ரீலோடுக்கும் போய்விடும்" என்பது வழமையாகச் சொல்லப்படும் நியாயம். அப்படிப்பட்ட ஓரிரு வீடுகள் எந்த ஊரிலும் இருக்கும். அவற்றுக்காக மற்ற எல்லா வீடுகளையும் ஏன் நம்பாமல் நடத்த வேண்டும்? குடும்பத் தலைவியின் கையில் கொடுத்தாலே அந்தப் பயத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். ஸகாத்தைக் காசாகக் கொடுப்பதா பொருளாகக் கொடுப்பதா என்ற சட்ட நுணுக்கத்தை உலமாக்களிடம் விட்டுவிடுகிறேன். கணக்கு என்னவோ காசின் பக்கமே நிற்கிறது.

பொருளாகத்தான் கொடுக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் குழுக்கள் ஊர்ச் சில்லறைக் கடைகளோடு பேசலாம். 20 இலட்ச ரூபா வியாபாரம் தம் ஊருக்கே வருகிறதென்றால் கழிவு கொடுக்க அவர்களும் தயங்க மாட்டார்கள், நடந்து போகும் தூரத்தில் கடை, தெரிந்த முகம். பெரிய கடையின் வவுச்சர்தான் என்றால், தொகையைப் பேசி முடிக்கும் முன் சில விடயங்களை எழுத்தில் வாங்க வேண்டும். 10,000 ரூபாவுக்கு ஒரே தாளாக இல்லாமல் 1,000 ரூபாத் தாள்களாக வேண்டும். மிச்சத்துக்கு என்ன செய்வார்கள். எந்தப் பொருளுக்குச் செல்லாது. காலாவதித் திகதி என்ன. எந்தக் கிளைகளில் செல்லும். மேலதிகத்தைத் தனிக் கூப்பனாக வாங்காமல், அதே வகை வவுச்சர்களாகவே வாங்கி, பயனாளிகள் பட்டியலை நீட்ட வேண்டும்.

அரசாங்கம் செய்யவேண்டியதும் ஒன்று உண்டு. அயர்லாந்து 2019 இல் பரிசு வவுச்சர்களுக்குக் குறைந்தது 5 வருடச் செல்லுபடிக் காலத்தைச் சட்டமாக்கியது. அவுஸ்திரேலியா அதே வருடம் நவம்பர் முதல் 3 வருடத்தைக் கட்டாயமாக்கியது. நம்மிடம் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையை அது தடைசெய்கிறது. வியாபாரிகளுக்குப் பணிப்புரைகள் பிறப்பிக்கும் அதிகாரத்தையும் சபைக்குக் கொடுக்கிறது. வவுச்சருக்கு இத்தனை வருடம் என்று அதில் பிரிவு எதுவும் இல்லை. ஆகவே காலாவதியைக் கடை தன் விருப்பப்படி அச்சிடுகிறது. மூன்று மாதம் என்றாலும் நாம் வாயை மூடிக்கொண்டு வாங்குகிறோம். பாராளுமன்றம் புதுச் சட்டம் இயற்றும் வரை காத்திருக்கத் தேவையில்லை. பணிப்புரை மூலமே சபை குறைந்தபட்சக் காலமொன்றை நிர்ணயிக்க முயலலாம். முறைப்பாடுகள் போனால்தான் சபை அசையும். அதன் துரித இலக்கம் 1977. வவுச்சரின் இரு பக்கங்களையும் படம் எடுத்து, பில்லையும் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

பெருநாள் முடிந்ததும் நம் பள்ளிவாசல்களில் ஸகாத் கணக்கு வாசிக்கப்படும். இம்முறை அதில் "வவுச்சர் மேலதிகம்" என்று தனியாக ஒரு வரி இருக்கிறதா என்று ஜமாஅத்தார் கேட்க வேண்டும்.