ஏட்டிலும் இருக்கட்டும் சுரைக்காய்!

பத்தாம் வகுப்பு மாணவி

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது நம் முன்னோர் வாக்கு. படிப்பறிவு மட்டும் போதாது, கைப்பழக்கமும் வேண்டும் என்பதற்கு நம் ஆசிரியைகள் இதனை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். ஆனால், அந்தச் சுரைக்காயைச் சமைக்கத் தெரிந்த கைகளே இல்லாமற் போய்விட்டால் என்ன செய்வது? இக்கேள்வியை எங்கள் மனத்தில் எழுப்பியது ஒரு வடை. ஆம் தோழியரே, கடல் கடந்த கிரேக்க நாட்டு வடை!

கிரேக்கர்கள் இதனைக் 'கெஃப்தெஸ்' என்கின்றனர். கொத்திய இறைச்சியுடன் ஊறவைத்துப் பிழிந்த ரொட்டி, வெங்காயம், புதினா ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, மாவில் புரட்டி, எண்ணெயில் பொரித்தெடுப்பர். நம் ஊர் உணவு விடுதிகளில் கிடைக்கும் 'கோஃப்தா'வும் இதுவும் ஒரே சொல்தான். 'இடித்தது' என்று பொருள்படும் பாரசீகச் சொல்லே இரண்டுக்கும் தாய். சாந்தோரினித் தீவினர் தக்காளியிலும், சிஃப்னோஸ் தீவினர் கொண்டைக்கடலையிலும் இதனைச் செய்கின்றனர். இறைச்சியையும் முட்டையையும் பாலையும் விலக்கும் தவக்காலத்தில் அந்நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கு இத்தகைய வடைகளே கைகொடுக்கின்றன.

அதே நாட்டின் தெசலோனிக்கி நகரில் வாழ்ந்த செஃபார்திய யூதர்களும் இவ்வடையைச் செய்தனர். புனித பவுல் திருமுகம் எழுதிய அதே தெசலோனிக்கிதான். அவர்கள் மிகவும் விரும்பியது லீக்ஸ் வடை. வெங்காயத்தாளைப் போன்று, ஆனால் அதைவிடப் பருமனாக இருக்குமே, அந்த லீக்ஸ்தான். எகிப்தை விட்டு வந்த இஸ்ரயேலர் பாலைவனத்தில் நினைத்து நினைத்து ஏங்கிய உணவுகளுள் இதுவும் ஒன்று என்று எண்ணிக்கை நூலின் 11ஆம் அதிகாரம் கூறுகிறது.

நூலகத்தில் இதன் செய்முறையைப் படித்த நாங்கள் சிலர், ஒரு விடுமுறை நாளில் தோழி ஒருத்தியின் வீட்டில் இதனைச் செய்து பார்க்கத் துணிந்தோம். இங்கிலீஷ் காய்கறிக் கடையில் ஒரு கிலோ லீக்ஸ் வாங்கினோம். அடுக்குகளுக்கிடையே மண் ஒளிந்திருக்கும். பிளந்து நன்றாக அலசினோம். நறுக்கி வேகவைத்து, வடிகட்டி, பொடியாகக் கொத்தினோம். இரண்டு முட்டை, ரொட்டித்தூள், உப்பு, மிளகுத்தூள் சேர்த்துத் தட்டி எண்ணெயில் இட்டோம். அந்தோ! அத்தனையும் உதிர்ந்து எண்ணெயில் மிதந்தன. ஏட்டில் உள்ளபடிதானே செய்தோம் என்று விழித்துக்கொண்டு நின்றோம்.

அப்போது தோழியின் பாட்டி வந்தார்கள். கிரேக்க நாடு எந்தத் திசையில் இருக்கிறதென்றும் அறியாதவர்கள். மீதியிருந்த கலவையை விரலால் தொட்டுப் பார்த்தார்கள். "தண்ணியப் பிழியாம போட்டா உதிராம என்னடி பண்ணும்?" என்றார்கள். ஒரு வெள்ளைத் துணியில் கட்டி முறுக்கிப் பிழிந்தார்கள். ஒரு குவளை நீர் வந்தது! இன்னும் சிறிது ரொட்டித்தூள் தூவித் தட்டிக் கொடுத்தார்கள். இருபுறமும் பொன்னிறமாகச் சிவந்தன வடைகள். எலுமிச்சைச் சாறு பிழிந்து உண்டோம். உள்ளே வெண்ணெய்போல் மென்மை, ஓரத்தில் மொறுமொறுப்பு. பழமொழி வென்றது, ஏடு தோற்றது என்று சிரித்தோம்.

ஆனால் இவ்வடையின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது எங்கள் சிரிப்பு அடங்கியது. 1492ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டு அரசர் பெர்டினாந்தும் அரசி இசபெல்லாவும், மதம் மாறாத யூதர்கள் அனைவரும் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று ஆணையிட்டனர். பொன்னையும் வெள்ளியையும் நாணயத்தையும் எடுத்துச் செல்லத் தடை. கத்தோலிக்க அரசர்கள் என்று புகழப்பட்டவர்கள் செய்த கொடுமை இது என்பதைக் கத்தோலிக்கப் பள்ளி மாணவியராகிய நாம் மறைத்தல் ஆகாது. துருக்கியச் சுல்தான் இரண்டாம் பயேசித் அம்மக்களுக்கு இடமளித்தார். அவர்களுள் ஏராளமானோர் தெசலோனிக்கியில் குடியேறினர். காவலர்களால் பறிக்க முடியாத இரண்டு செல்வங்கள் அவர்களிடம் இருந்தன. ஒன்று நாவிலிருந்த மொழி. மற்றொன்று கையிலிருந்த பக்குவம்.

லீக்ஸ் வடைக்கு அவர்கள் இட்ட பெயர் 'கெஃப்தெஸ் தெ பிராசா'. முதற்சொல் பாரசீகத்தில் பிறந்தது, நடுச்சொல் ஸ்பானியம், இறுதிச்சொல் கிரேக்கத்தில் தோன்றித் துருக்கி வழியாக வந்தது. ஒரு மக்களின் பயணம் முழுவதும் ஒரு வடையின் பெயரில் அடங்கியிருக்கிறதல்லவா! புத்தாண்டில் இதனை உண்பர். ஏனெனில் லீக்ஸின் பெயர் 'அறுத்தல்' என்னும் எபிரேயச் சொல்லை ஒத்திருப்பதால், பகைவர் அறுபடுக என வேண்டிக்கொள்வர். பாஸ்கா விழாவிலோ ரொட்டித்தூளுக்குப் பதிலாகப் புளியாத அப்பத்தின் தூளைச் சேர்ப்பர்.

1943ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆம் நாள் தெசலோனிக்கியிலிருந்து முதல் இரயில் புறப்பட்டது. ஆகஸ்டு மாதத்திற்குள் 45,000க்கும் மேற்பட்ட யூதர்களை நாஜிகள் ஆஷ்விட்ஸ் முகாமுக்கு ஏற்றி அனுப்பினர். பெரும்பாலோர் சென்றிறங்கிய அன்றே கொல்லப்பட்டனர். போருக்குமுன் ஏறத்தாழ 50,000 யூதர்கள் வாழ்ந்த நகரில், போருக்குப்பின் எஞ்சியோர் ஏறத்தாழ 2,000 பேரே. பாட்டிமார் எத்தனை பேர்! பிழியச் சொல்லித் தரும் கைகள் எத்தனை! 1492இல் பறிக்க முடியாத செல்வம் 1943இல் கைகளோடு சேர்ந்து எரிந்தது. பிழைத்தவர்களின் நினைவிலும், பிற நாடுகளுக்கு முன்னரே சென்றவர்களின் வீடுகளிலும் மீந்ததே மீதி. 1986இல் நிக்கோலஸ் ஸ்தாவ்ருலாக்கிஸ் என்பவர் கிரேக்க யூதர்களின் சமையலைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். அத்தகைய ஏடுகள் இல்லையேல் உலகம் எதைக் கொண்டு அவ்வடுப்புகளை நினைக்கும்?

"படித்த பெண்களுக்கு அடுக்களைப் பேச்சு எதற்கு?" என்று சில தோழியர் கேட்கலாம். பெண்ணை அடுக்களையிலேயே பூட்டிவைப்பதை நாங்களும் எதிர்க்கிறோம். அண்ணன் தம்பியரும் கரண்டி பிடிக்கட்டும் என்பதே எங்கள் கட்சி. ஆனால் அடிமைத்தனத்தை வெறுப்பது வேறு, அறிவை இகழ்வது வேறு. இரசாயனப் பாடத்தில் அளவு தவறினால் மதிப்பெண் குறைகிறது; கண்ணளவிலேயே தவறாமல் சமைக்கும் பாட்டிக்கு மதிப்பெண் இட யாருமில்லை. இது நியாயமா?

அன்று மாலை, "உங்கள் சமையலையெல்லாம் சொல்லுங்கள் பாட்டி, எழுதிக்கொள்கிறோம்" என்றோம். "இதுல எழுத என்னடி இருக்கு?" என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் எங்களை அச்சுறுத்துகிறது. தம் கையில் இருப்பது செல்வம் என்றே அவர்கள் அறியவில்லை, நாமாவது அறியவேண்டாமா? கை இருக்கும்போது அருகில் நின்று கற்போம். கற்றதை, 'துணியில் கட்டிப் பிழியவும்' என்பது உட்பட, ஒன்றும் விடாமல் எழுதிவைப்போம். ஏட்டுச் சுரைக்காய் இன்று கறிக்கு உதவாமற் போகலாம். கறி சமைத்த கை மறைந்தபின், விதைக்கு உதவுவது அதுவே!