நீரில் இறங்கும் வைத்தியர்

சித்தூர் ஜில்லாக்காரனுக்குச் சமுத்திரத்தோடு என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், 2022 ஏப்ரல் 4ஆம் தேதியோடு அந்தக் கேள்வியின் நியாயம் பாதி போய்விட்டதைக் கவனிக்கவில்லை. அன்று சித்தூரின் ஒரு பகுதியையும் நெல்லூரின் ஒரு பகுதியையும் சேர்த்துத் திருப்பதி ஜில்லா அமைந்தபோது, சூளூர்ப்பேட்டையும் ஸ்ரீஹரிகோட்டாவும் அதில் அடங்கி, ஏழுமலையானின் ஜில்லாவுக்கு வங்காள விரிகுடாவே கீழ்த்திசை எல்லையாயிற்று. அந்தக் கடலில்தான், 2023 அக்டோபர் 21ஆம் தேதி மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் சோதனை ராக்கெட்டிலிருந்து பிரிந்து, பாராசூட்டுகளின் துணையால் இறங்கித் தலைகீழாக மிதந்த ஆளில்லாக் கலத்தைக் கடற்படையினர் மீட்டுக் கரை சேர்த்தார்கள். பின்னொரு நாள் வரப்போகும் கலத்தில் மனிதர்கள் இருப்பார்கள். அவர்களை முதலில் தொடும் கை நீச்சலும் சிகிச்சையும் ஒருங்கே அறிந்த கையாக இருக்கவேண்டும் என்பதே என் கட்சி.

2018 ஆகஸ்ட் 17ஆம் தேதி, கேரளப் பெருவெள்ளத்தின் நடுவே ஆலுவாவுக்கு அருகில் பிரசவ வேதனையோடு சிக்கிக்கொண்ட ஒரு கர்ப்பிணியைக் கடற்படை ஹெலிகாப்டர் தூக்கிச் சென்றதும், அன்றே கொச்சி சஞ்சீவனி ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்ததும் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் அவரைத் தூக்குவதற்கு முன், கயிற்றில் ஒரு டாக்டரை இறக்கி, இந்த நிலையில் தூக்கலாமா என்று பரிசோதிக்கச் செய்தார்கள் என்பதைச் சிலரே கவனித்திருப்பார்கள். சாகசம் என்று நாம் கைதட்டியது உண்மையில் ஒரு வைத்தியத் தீர்மானத்தின் மேல் நின்றது.

நீரில் இறங்கி மீட்கும் வைத்தியத் தொழிலின் சூக்ஷ்மமே அங்கேதான் இருக்கிறது. நெடுநேரம் நீரில் மிதந்தவனுடைய உடலைச் சுற்றிலும் நீரின் அழுத்தம் தாங்கிக்கொண்டிருக்க, அவனைச் செங்குத்தாகச் சட்டென்று மேலே இழுத்தால், ரத்தம் கால்களை நோக்கி இறங்கி, காப்பாற்றப்பட்ட அந்தக் கணத்திலேயே அவன் உயிர் பிரியக்கூடும். ஆகையால் கூடியவரையில் படுத்த நிலையிலேயே தூக்கவேண்டும். மூழ்கி மூச்சு நின்றவனுக்கு மார்பை அழுத்துவதற்கு முன் மூச்சைக் கொடுக்கவேண்டும். ஹெலிகாப்டரின் இரைச்சலில் ஸ்டெதஸ்கோப் பெரும்பாலும் பயன்படாது. விரலும் கண்ணுமே கருவிகள். அமெரிக்கக் கடற்படையில் மருத்துவ உதவியாளரையே நீரில் குதித்து மீட்கப் பழக்கி, இதைத் தனி உத்தியோகமாகவே வைத்திருக்கிறார்கள். நம் கடற்படையும் அப்படியொரு தனிப்பெயரும் தனிப் பயிற்சியும் கொடுத்துக் கௌரவிப்பது உசிதம்.

நம் நாட்டில் இதற்கு முதற்படி மெடிக்கல் அசிஸ்டென்ட் என்ற மாலுமிப் பணி. பிளஸ் டூவில் பௌதிகம், ரசாயனம், உயிரியல் படித்துத் தேறியவர்கள் விண்ணப்பிக்கலாம். ஒடிசாவின் சில்கா பயிற்சி நிலையத்தில் மாலுமியாகி, பிறகு கடற்படை ஆஸ்பத்திரியில் வைத்தியம் கற்கவேண்டும். திருப்பதியின் கோச்சிங் நிலையங்களிலோ நீட் தேர்வைத் தவிர உயிரியலுக்கு வேறு கதியே இல்லை என்பதுபோலப் பேசுகிறார்கள். அதில் இடம் கிடைக்காத பிள்ளையும் தன் வாழ்வே அஸ்தமித்துவிட்டதாக நம்பிவிடுகிறான். ரேணிகுண்டாவில் ரயிலேறிச் சென்னைக்குப் போகும் வழியில், அரக்கோணத்தில் ராஜாளி என்ற கடற்படை விமானத்தளம் 1992 முதல் இயங்கிவருவதைக்கூட அவனுக்கு யாரும் சொல்வதில்லை.

படிப்பு இருக்கிறது, தளம் இருக்கிறது, இப்போது கடலும் வந்துவிட்டது, நீச்சல்தான் இல்லை. ஏரிகள் பாதி வருஷம் வற்றிக் கிடக்கும் இந்த ராயலசீமைப் பூமியில் பிள்ளைகள் நீரைக் கண்டு பயந்தே வளர்கிறார்கள். பயப்படாதவர்களோ கோடையில் கிணற்றிலும் குவாரிக் குட்டையிலும் மூழ்கி, மறுநாள் பத்திரிகையில் மூன்றுவரிச் செய்தியாகிறார்கள். 2021 நவம்பரில் திருப்பதியின் வீதிகளே வெள்ளக்காடானபோது, நீந்தத் தெரியாதது என்ன ஆபத்து என்பதை ஊரே உணர்ந்தது. வெள்ளம் வடிந்ததும் மறந்தது. வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தாரும், தேவஸ்தானத்தின் கல்லூரிகளை நடத்துவோரும், ஜில்லா அதிகாரிகளும் உயிரியல் படிக்கும் ஒவ்வொரு மாணவனுக்கும் மாணவிக்கும் நீச்சலையும், மூழ்கியவருக்குச் செய்யும் முதலுதவியையும் பாடத்தோடு சேர்த்துக் கற்பிக்கும் ஏற்பாட்டை அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.