"பாஸ்டர், ஹேடிஸ்தான் சாத்தானா?"



கடந்த கோடை விடுமுறையில் பாறசாலைக்கு அருகே ஒரு விசுவாசியின் வீட்டிற்கு மாலை ஜெபத்திற்காகச் சென்றிருந்தேன். 1956-ல் எல்லை பிரிக்கப்பட்டபோது கேரளத்தோடு நின்றுவிட்ட ஊர்களில் அதுவும் ஒன்று. பள்ளியில் மலையாளம், ஆராதனையில் தமிழ் என்று வளர்ந்த அந்த வீட்டு மகன் இப்போது குடும்பத்தோடு சென்னையில் வசிக்கிறார். தாயாரைப் பார்க்க வந்திருந்தார். நான் படியேறியபோது தொலைக்காட்சியில் ஒரு கார்ட்டூன் படம் ஓடிக்கொண்டிருந்தது. தலையில் நீல நெருப்பு எரிகிற ஒருவன் அதில் பேசிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் அவர் பதறிப்போய் அதை அணைத்துவிட்டார். நான்காம் வகுப்பு படிக்கும் மகள் அழவில்லை. நேரே என்னிடம் வந்து, "பாஸ்டர், ஹேடிஸ்தான் சாத்தானா?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்லுமுன் தகப்பன் குறுக்கிட்டார். "இந்த வீட்டில் டிவியே கூடாது என்று நீங்கள்தானே பாஸ்டர் அன்று சொன்னீர்கள்? நான் பக்கத்து வீட்டு ஜன்னலில் நின்று பார்த்தேன். புரியாததை யாரிடமும் கேட்க முடியவில்லை" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் என் உள்ளத்தில் அது தைத்தது. படத்தை மறுபடியும் முதலிலிருந்து போடச் சொல்லி, அவர்களோடு உட்கார்ந்து ஒன்றரை மணி நேரமும் பார்த்தேன்.

அது டிஸ்னி நிறுவனம் 1997-ல் வெளியிட்ட 'ஹெர்குலிஸ்' என்னும் பாட்டுப் படம். தேவர்களின் அரசனாகிய சேயுஸின் குழந்தையை, மரித்தோர் உலகை ஆளும் ஹேடிஸ் திருடச் செய்து மனிதனாக்கிவிடுகிறான். மனிதர் வீட்டில் வளரும் அந்தப் பிள்ளை, உண்மையான வீரன் என்று விளங்கினால் மட்டுமே தகப்பன் வீட்டிற்குத் திரும்ப முடியும். இதுவே கதை.

பார்த்தவர்களின் கருத்தைக் கேட்டேன். சபையில் கீபோர்டு வாசிக்கும் மூத்த மகன், "பாட்டெல்லாம் ஆராதனைப் பாட்டு மாதிரியே இருக்கிறது" என்றான். அவன் சொன்னது சரியே. கதையைச் சொல்லும் ஐந்து கலைத்தேவதைகள், அமெரிக்கக் கறுப்பின சபைகளில் பிறந்த காஸ்பெல் இசையிலேயே பாடுகிறார்கள். முதற்பாட்டின் தலைப்பே 'தி காஸ்பெல் ட்ரூத்'. சுவிசேஷத்தைப் போல் மெய்யானது என்று பொருள்படும் ஆங்கில வழக்கு. அதற்குமுன் கம்பீரமாகக் கதையைத் தொடங்கும் குரல், 'டென் கமாண்ட்மெண்ட்ஸ்' படத்தில் மோசேயாக நடித்த சார்ல்டன் ஹெஸ்டனுடையது! தேவதைகள் அவரை இடைமறித்துவிட்டுப் பாடத் தொடங்குகிறார்கள். "பொய்த் தேவர்களின் கதைக்கு நம்முடைய பாட்டா?" என்று தகப்பன் வருந்தினார். அந்த வருத்தத்தை நான் அற்பமாக எண்ணவில்லை.

பேத்தி காட்சிக்குக் காட்சி தமிழில் சொல்லக் கேட்ட பாட்டியோ, "அந்தப் பையனுக்கும் நம்ம பிள்ளைகள் மாதிரி வீடு ரெண்டு, மக்களே" என்றார்கள். பட்டணத்தில் குடியேறி ஊரை நினைத்துக்கொண்டிருக்கும் வாசகரே, இந்தக் கருத்து உங்களுக்கு விளங்கும்.

இந்தப் படத்தின்மேல் முதலில் கோபப்பட்டவர்கள் கிறிஸ்தவர்கள் மட்டுமே என்று நினைத்துவிடாதிருங்கள். கிரேக்க நாட்டிலேயே பத்திரிகைகளும் பொதுமக்களும் இதைக் கண்டித்தார்கள். ஏதென்ஸில் பிநிக்ஸ் குன்றின்மேல் திறந்தவெளியில் இதைத் திரையிட நிறுவனம் விரும்பியபோது, கிரேக்க அரசு அனுமதி மறுத்தது. காரணம் உண்டு. பழைய கதையில் ஹெர்குலிஸ், சேயுஸ் ஒரு மனிதனின் மனைவியை வஞ்சித்துப் பெற்ற பிள்ளை. சேயுஸின் மனைவி ஹேரா அவனுக்குத் தாயல்ல, ஜென்ம சத்துரு. தொட்டிலுக்குப் பாம்புகளை அனுப்பியவள் அவளே. பின்னாளில் அவனைப் பித்துப்பிடிக்கச் செய்து, அவன் கையாலேயே அவன் பிள்ளைகளைக் கொல்லவைத்தவளும் அவளே. படமோ அவளை அன்புள்ள தாயாக்கி, எல்லாவற்றையும் குழந்தைகளுக்கேற்ப மாற்றிவிட்டது. நெய்யாற்றின்கரைக் கோயில் வளாகத்து அம்மச்சிப் பலாவின் பொந்தில் மார்த்தாண்டவர்மா ஒளிந்து பிழைத்தார் என்று நம் பகுதியில் சொல்லி வருகிறார்களே, அயல்நாட்டார் ஒருவர் வந்து, எதிரிகளே அவரைத் தாலாட்டினார்கள் என்று படம் எடுத்தால் ஊரார் சும்மா இருப்பார்களா?

இப்போது சிறுமியின் கேள்விக்கு வருகிறேன். கிரேக்கரின் கதையில் ஹேடிஸ் சாத்தானல்ல. மரித்தோரின் அரசன், சேயுஸுக்குச் சகோதரன். அவன் உலகத்திற்கும் அதே பெயர்தான். கிரேக்க மொழியில் எழுதப்பட்ட புதிய ஏற்பாட்டிலும் அந்தச் சொல் வருகிறது. நம்முடைய தமிழ் வேதாகமம் அதைப் 'பாதாளம்' என்று மொழிபெயர்த்திருக்கிறது. படம் எடுத்தவர்களோ ஹேடிஸைச் சோதனைக்காரனாகவும், சேயுஸைப் பரலோகத் தகப்பனாகவும் வரைந்தார்கள். குமாரன் பூமியில் வளர்கிறான். முடிவில் ஒருத்தியின் உயிருக்காக மரித்தோரின் நதியில் குதித்து மீண்டு வருகிறான். ஓய்வுநாள் பள்ளியில் கேட்ட செய்தியின் சாயல் இதில் இருப்பதைக் குழந்தை கண்டுகொண்டாள். தகப்பனும் நானும் காணாததை அவள் கண்டாள். ஆனால் வேறுபாட்டை அவளுக்குக் காட்டப் பெரியவர் ஒருவர் அருகில் வேண்டும். இந்தப் படத்தில் மனிதன் வீரச்செயலால் தேவனாகிறான். நமக்கு அறிவிக்கப்பட்டதோ, தேவன் தம்மைத் தாழ்த்தி மனிதனானார் என்பதே (பிலி. 2:6-8).

அப்போஸ்தலனாகிய பவுலை நினைத்துப் பாருங்கள். லீஸ்திராவில் ஜனங்கள் பர்னபாவை யூப்பித்தர் என்றும் அவரை மெர்க்கூரி என்றும் அழைத்துப் பலியிட வந்தபோது, வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு தடுத்தார் (அப். 14). யூப்பித்தர் என்பது சேயுஸுக்கு ரோமர் வழங்கிய பெயர். அதே பவுல் ஏதென்ஸின் மார்ஸ் மேடையில் நின்றபோது, தம்முடைய சிலிசியா நாட்டில் பிறந்த அராட்டஸ் என்னும் புலவர் சேயுஸைப் பற்றிப் பாடியதையே எடுத்தாண்டு மெய்யான தேவனை அறிவித்தார் (அப். 17:28). மெலித்தா தீவிலிருந்து அவர் ஏறிச்சென்ற கப்பலுக்கு மிதுனம், அதாவது சேயுஸின் இரட்டைப் பிள்ளைகள், அடையாளமாயிருந்தது (அப். 28:11). ஆராதனை என்று வந்தபோது அவர் சிறிதும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனாலும் அந்தக் கதைகளை அறிந்திருந்தார். அறிந்தபடியினால் அவற்றை நம்பினவர்களோடு பேச முடிந்தது.

அருமையான பெற்றோரே, பிள்ளைகள் எதையும் பார்க்கட்டும் என்று நான் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லவேண்டியவை அநேகம் உண்டு. ஆனால் அணைக்குமுன் அருகில் உட்காருங்கள். எது பிடித்தது, எது பயமுறுத்தியது, எது புரியவில்லை என்று கேளுங்கள். பட்டணத்து வீட்டில் இருவரும் வேலைக்குச் செல்லும் உங்களுக்கு இது எளிதல்ல என்பதை அறிவேன். நீங்கள் கேளாவிட்டால், பிள்ளை தன் கேள்வியைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். அல்லது வேறொருவரிடம் கேட்கும்.

அன்று ஜெபம் முடிந்து புறப்படும்போது, அந்தத் தகப்பனிடம் மன்னிப்புக் கேட்டேன். தடை சொன்னதற்காக அல்ல. தடையைச் சொல்லிவிட்டு, அவருடைய கேள்விகளைக் கேட்க ஒருநாளும் திரும்பி வராமற்போனதற்காக. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே சிறுமி பாட்டியிடம், "ஹேடிஸ் சாத்தான் இல்லையாம் பாட்டி" என்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

கர்த்தர் உங்கள் பிள்ளைகளின் கேள்விகளையும், கேட்கும் உங்கள் செவிகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.