கடிப்பது பூட்ஸ், பழி காலுக்கு

ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடங்கள் திறந்ததும், புதுச் சீருடையின் விறைப்போடு வகுப்புக்குப் போகிற பிள்ளைகளில் பலர் முதல் வாரம் முடிவதற்குள் குதிகாலைத் தரையில் ஊன்ற மாட்டாமல் நொண்டி நடப்பதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். பார்த்தும், “இரண்டு நாள் போட்டால் பழகிவிடும்” என்று சொல்லிவிட்டு நம் காரியத்தைக் கவனிக்கப் போய்விடுகிறோம். காவல்துறைப் பயிற்சிக்குச் சேர்ந்த இளைஞருக்கும், இரும்பு முனை வைத்த பாதுகாப்புக் காலணியை முதன்முதலாக அணிகிற தொழிலாளிக்கும் கிடைக்கிற ஆறுதல் இதுவேதான். பதனிட்ட தோலைத் தைத்துச் செய்த ஒரு ஜடவஸ்து தன் விறைப்பை விடாதிருக்க, உயிருள்ள தேகம் அதற்கு இணங்கிப் போக வேண்டும் என்னும் இந்த விபரீத நியாயம் எனக்கு ஒருபோதும் சம்மதமானதில்லை.

பூட்ஸ் தோலை மேலாக உராய்ந்து புண்ணாக்குகிறது என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். நடப்பது அதைவிட நுட்பமானது. அடி எடுத்து வைக்குந்தோறும் உள்ளே எலும்பு முன்னும் பின்னுமாக நகர, வியர்வையால் நனைந்த காலுறையோடு ஒட்டிக்கொண்ட மேல்தோல் நகராமல் நிற்க, இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட சரும அடுக்குகள் திரும்பத் திரும்ப இழுபட்டு, கடைசியில் மேல்தோலுக்குள்ளேயே ஓர் அடுக்கு விட்டுப்போய், அந்த இடைவெளியில் நீர் கோத்துக்கொள்கிறது. கொப்புளத்தின் ஜனனம் இவ்வாறு. உஷ்ணமும் ஈரமும் இதற்கு உற்ற துணை. ஆகவே நம் ஊர் வெயிலில் பிள்ளைகளின் காலை நைலான் காலுறைக்குள் திணித்துப் பகல் முழுதும் பூட்டி வைப்பவர்கள், தாங்கள் அறியாமலே கொப்புளத்துக்கு வேண்டிய சகல சௌகரியங்களையும் செய்து கொடுக்கிறார்கள்.

அற்ப விஷயம் என்று இதைத் தள்ளவும் முடியாது. அமெரிக்க ஜனாதிபதி கால்வின் கூலிட்ஜின் இளைய மகன், பதினாறு வயதுப் பையன், 1924-ஆம் ஆண்டு வெள்ளை மாளிகை மைதானத்தில் காலுறை இல்லாமல் டென்னிஸ் ஆடியபோது கால்விரலில் எழுந்த கொப்புளம் விஷமாகி, இரத்தத்தில் கலந்து, ஒரு வாரத்தில் உயிரையே வாங்கிவிட்டது. பெனிசிலின் வந்த பிறகு அந்தப் பயம் பெரிதும் நீங்கிற்று என்றாலும், நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்றைக்கும் ஒரு சிறு கொப்புளம் காலையே இழக்கச் செய்யும் புண்ணுக்கு ஆரம்பமாகக் கூடும்.

கால்தான் பழக வேண்டும் என்ற சித்தாந்தத்தை முதலில் கைவிட்டவர்களில், கட்டுப்பாட்டுக்குப் பேர்போன இராணுவத்தாரும் உண்டு என்பது நம் பள்ளி நிர்வாகிகள் கவனிக்கத் தக்கது. அமெரிக்கப் படையின் மருத்துவ அதிகாரி எட்வர்டு மன்சன், இரண்டாயிரம் அளவில் சிப்பாய்களின் பாதங்களை ஆராய்ந்து, 1912-இல் சிப்பாயின் பாதத்தைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். விரல்கள் தாராளமாக விரிய இடங்கொடுக்கும் அச்சு ஒன்றையும் வகுத்தார். முதுகில் 40 ராத்தல் சுமையை ஏற்றி, அந்தப் பாரத்தில் பாதம் எவ்வளவு பரவுகிறதோ அவ்வளவுக்கு அளவெடுக்க வேண்டும் என்பது அவர் விதி. புது பூட்ஸை மாட்டிக்கொண்டு இரண்டரை அங்குல நீரில் ஐந்து நிமிஷம் நின்று, தோல் இளகியதும் சமதரையில் ஒரு மணி நேரம் நடந்து காலிலேயே உலரவிட வேண்டும் என்றும் சிப்பாய்களுக்குச் சொல்லப்பட்டது. (இன்றைய ஒட்டுப்பசை பூட்ஸுகளுக்கு இந்த ஜலப் பிரயோகம் ஆகாது, வாய் பிளந்துவிடும்.) பொருத்தம் சரியில்லை என்றால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் சிப்பாய் அல்லர், அவருடைய கம்பெனி அதிகாரி என்று உத்தரவும் பிறந்தது.

நம் தேசத்தில் இந்த அளவெடுக்கும் காரியம் சமீபத்தில்தான் முறையாக நடந்தது. சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தார் பல பிராந்தியங்களிலும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரின் பாதங்களை அளந்து பார்த்ததில், மேனாட்டாரைவிட இந்தியர் பாதம் அகலமானது என்று தெரிய வந்தது. அயல்நாட்டு எண்களை வைத்துக்கொண்டு, அகலம் போதாமையால் நீளத்தில் ஒரு எண் கூட்டி வாங்கி, முன்னே பிடித்தும் பின்னே வழுகியும் அவஸ்தைப்படுகிறோம். ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் உலகத்தார் கால்களுக்கெல்லாம் காலணி தைத்து அனுப்புகிற நாம், நம் சொந்தக் காலின் அகலத்தை அறிய இத்தனை காலம் ஆயிற்று என்பது கொஞ்சம் வெட்கத்துக்குரியதே.

வளர்கிற பிள்ளை என்று ஒரு எண் பெரிதாக வாங்குகிற தாய்மார்களின் சிக்கனத்தை நான் பரிகசிக்க மாட்டேன். ஆனால் குதிகால் உள்ளே ஏறி இறங்கும்படியான காலணி, இறுக்கமான காலணிக்குச் சமமாகக் கடிக்கும். பாதம் சற்று வீங்கியிருக்கும் சாயங்கால வேளையில், அணியப் போகிற காலுறையோடு கடைக்குப் போய், நின்று பார்த்து, விரல் நுனிக்கு முன்னே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டு வாங்குவது உத்தமம். பிறகு வீட்டுக்குள்ளேயே தினம் ஒரு மணி நேரம் அணிந்து, நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். ஓரிடத்தில் எரிச்சல் தோன்றிய அந்தக் கணமே கழற்றி, ஆஸ்பத்திரிகளில் கட்டுப் போடப் பயன்படும் காகிதப் பட்டையை அங்கே ஒட்டிவிட்டால் கொப்புளம் பெரும்பாலும் எழுவதில்லை. வாஸ்லைன் முதலிய வழவழப்புகள் ஆரம்பத்தில் உராய்வைக் குறைத்தாலும், சில மணி நேரங் கழித்து அதை முன்னிலும் அதிகமாக்கிவிடும் என்பதைப் பலர் அறியார். எழுந்துவிட்ட கொப்புளத்தின் மேல்தோலை உரிப்பது மகா தவறு. அந்தத் தோலைவிட நல்ல கட்டு வேறில்லை.

இவ்வளவையும் தனி மனிதர் செய்துவிடலாம். காலணியைக் கட்டாயமாக்குகிறவர்கள் செய்ய வேண்டியது வேறு உண்டு. பள்ளி திறந்த முதல் இரண்டு வாரங்களுக்குச் செருப்போ சாண்டலோ அணிந்து வர அனுமதித்து, புதுக் காலணியை மாலையில் வீட்டில் பழக்கிக்கொள்ளும்படி பெற்றோருக்குச் சொல்லி அனுப்புவதில் எந்தப் பள்ளியின் கௌரவமும் குறைந்துவிடாது. தொழிற்சாலைகளும் பயிற்சிக் கல்லூரிகளும் காலணியை எண் பார்த்து வீசிக் கொடுக்காமல், அகலம் அளந்து கொடுத்து, பொருந்தாததைக் கேள்வி கேட்காமல் மாற்றித் தர வேண்டும். நொண்டிக்கொண்டு வருகிறவர் பெயரைத் தாமதமாக வந்தோர் பட்டியலில் எழுதுவதற்கு முன்னால், மேற்பார்வையாளர் அவருடைய காலணியைக் கழற்றச் சொல்லி ஒரு முறை பார்க்கட்டும்.