துரத்தப்பட்ட பேராசிரியர்களும் சேர்த்துக்கொண்ட நாடுகளும்

1/
மருத்துவம், உயிரியல் படிச்ச எல்லாருக்கும் க்ரெப்ஸ் சுழற்சி தெரியும். பரீட்சைக்கு முந்தின ராத்திரி திட்டிக்கிட்டே மனப்பாடம் பண்ற பாடம். சாப்பிடுற சோறு செல்லுக்குள்ள எப்படி சக்தியா மாறுதுன்னு சொல்வது அது.

அதைக் கண்டுபிடிச்ச ஹான்ஸ் க்ரெப்ஸ் ஒரு அகதி.

2/
1933 ஏப்ரலில் ஹிட்லர் அரசு ஒரு சட்டம் போட்டது. யூதர்களுக்கும் அரசியல் எதிரிகளுக்கும் அரசு வேலை கிடையாது. ஜெர்மனியில் பல்கலைக்கழக வேலையும் அரசு வேலைதான். ஃப்ரைபர்க்கில் டாக்டராக இருந்த க்ரெப்ஸுக்கு வேலை போச்சு.

இங்கிலாந்து சேர்த்துக்கிட்டது. 1937ல் ஷெஃபீல்டில் அந்தச் சுழற்சியைக் கண்டறிந்தார். 1953ல் நோபல்.

3/
வேலை இழந்த இன்னொரு டாக்டர், நோய்க்குறியியல் நிபுணர் பிலிப் ஷ்வார்ட்ஸ். தன்னைப் போன்றவர்களுக்காக ஜூரிச்சில் ஒரு அமைப்பு தொடங்கி, துருக்கி அரசோடு பேசினார். இஸ்தான்புல் பல்கலைக்கழகம் கதவைத் திறந்தது. நெஞ்செரிச்சலுக்கான அறுவை சிகிச்சை இன்றும் யார் பெயரில் இருக்கோ, அந்த ருடால்ஃப் நிஸ்ஸனும் அங்கே போனார்.

ஆனா அதே சீர்திருத்தத்தில் துருக்கி தன் சொந்த ஆசிரியர்கள் பலரை வீட்டுக்கு அனுப்பியது. இதையும் சேர்த்தே படிக்கணும்.

4/
2016க்கு வாங்க. ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சிக்குப் பிறகு துருக்கி ஆயிரக்கணக்கான கல்வியாளர்களை அவசர ஆணைகளால் நீக்கியது. அமைதி கேட்டு ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டவர்களும் அதில் உண்டு.

பலர் தஞ்சம் போன நாடு எது தெரியுமா? ஜெர்மனி. அங்கே அவர்களுக்கு உதவிய திட்டத்தின் பெயர், பிலிப் ஷ்வார்ட்ஸ் திட்டம்!

5/
நாம?
1935ல் மாக்ஸ் பார்னை பெங்களூருக்கு அழைத்தார் சர் சி.வி. ராமன். நிரந்தரப் பதவி கொடுக்கவும் முயன்றார். எதிர்ப்பு வந்தது, நடக்கல. பார்ன் எடின்பரோ போனார். 1954ல் நோபல்.

இன்றும் 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இல்லை.

6/
"நம்ம பசங்களுக்கே வேலை இல்லையே டாக்டர்?"

நியாயமான கேள்வி. அதனால்தான் இருக்கிற பதவிகளைத் தொடாம, தனி நிதியில், சில வருட ஆய்வு உதவித்தொகையா கொடுக்கணும்னு சொல்றேன். 1933ல் லண்டனில் பேராசிரியர்கள் தங்கள் சம்பளத்திலிருந்தே காசு போட்டார்கள்.

7/
அதைவிட முக்கியம், வகுப்பில் பேசியதற்காக நம்ம ஊர் ஆசிரியரின் வேலை போகாத நிலை. அது இல்லாத நாட்டில் அகதிப் பேராசிரியருக்குக் கிடைப்பது சம்பளம் மட்டும்தான்.

இன்னைக்கு தஞ்சம் கொடுக்கிற நாடு, நாளைக்கு தஞ்சம் கேட்க வைக்கிற நாடாகலாம். துருக்கியும் ஜெர்மனியும் 83 வருஷத்துல இடம் மாறிக்கிட்டாங்க.