தங்கத்தைவிட அது கிடந்த மண் முக்கியம்

2015-இல் இங்கிலாந்தில் சில மாத இடைவெளியில் இரண்டு புதையல்கள் வெளிப்பட்டன: ஒன்று லெம்ஸ்டர் அருகே, மற்றொன்று வாட்லிங்டன் அருகே. கண்டெடுத்தவர்கள் தொல்லியலாளர்கள் அல்லர். மெட்டல் டிடெக்டருடன் வயல்வெளியில் நடப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள். இரண்டும் 9-ஆம் நூற்றாண்டில், வைக்கிங் படையெடுப்புக் காலத்தில் புதைக்கப்பட்டவை.

வாட்லிங்டனில் கண்டவர் தோண்டுவதை நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்குத் தகவல் சொன்னார். புதையல் கிடந்த மண்ணை அப்படியே கட்டியாகப் பெயர்த்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ப் பிரித்தார்கள். வெசெக்ஸ் மன்னன் ஆல்ஃபிரெட், மெர்சியா மன்னன் சியோல்வுல்ஃப் ஆகிய இருவரும் ஒரே வடிவில் வெளியிட்ட வெள்ளிக் காசுகள் அதில் இருந்தன. ஆல்ஃபிரெட்டின் ஆட்சியில் தொகுக்கப்பட்ட வரலாற்றுக் குறிப்பு, சியோல்வுல்ஃபை வைக்கிங்குகளின் கைப்பாவை என்று ஒதுக்கிவிட்டது. காசுகளோ இருவரும் கூட்டாளிகளாக இருந்ததைச் சொல்கின்றன. வென்றவன் எழுதிய வரலாற்றை வயலில் கிடந்த வெள்ளி மறுத்துப் பேசியது. லெம்ஸ்டரிலும் இதே காசுகள்தாம். அங்கே கண்டவர்கள் மறைத்து விற்றார்கள். சுமார் 300 காசுகள் இருந்திருக்கும் என்று கணிக்கப்பட்டது. வழக்கு நடந்தபோது மீட்கப்பட்டவை 31. 2019-இல் சிறைத் தண்டனை கிடைத்தது. எந்தக் காசு எதனோடு கிடந்தது என்பதை எந்தத் தீர்ப்பாலும் மீட்க முடியாது.

கிடந்த நிலை எவ்வளவு பேசும் என்பதற்கு 1992-இல் சஃபோக் மாவட்டத்தின் ஹாக்ஸன் சிற்றூரில் கிடைத்த ரோமானியப் புதையலே சான்று. விவசாயி நண்பர் தொலைத்த சுத்தியலைத் தேடப் போனவர், காசுகளைக் கண்டதும் தோண்டுவதை நிறுத்தித் தகவல் கொடுத்தார். மறுநாளே தொல்லியலாளர்கள் வந்தார்கள். 14,865 காசுகள், நகைகள், வெள்ளிக் கரண்டிகள். மரப்பெட்டி மட்கிப்போயிருந்தாலும், எதை எதற்குள் அடுக்கினார்கள் என்பதைக் கண்டறிய முடிந்தது. சீமாட்டி வடிவில் ஒரு வெள்ளி மிளகுச் சிமிழும் கிடைத்தது. நம் மேற்குக் கரை மிளகு பிரிட்டனின் சாப்பாட்டு மேசைவரை போனதற்குக் கண்கூடான சாட்சி அது.

இங்கிலாந்து இந்தப் பொழுதுபோக்கைத் தடை செய்யவில்லை. ஆனால் பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் அனுமதியின்றிக் கருவியைப் பயன்படுத்துவது குற்றம். 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, அருங்காட்சியகம் பொருளை வாங்க விரும்பினால் சந்தை மதிப்பில் வெகுமதி கிடைக்கும். வழக்கமாகக் கண்டவருக்குப் பாதி, நில உரிமையாளருக்குப் பாதி. சிறு கண்டெடுப்புகளைப் பதிவுசெய்ய 1997-இல் தொடங்கிய திட்டத்தில் இன்று 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் உள்ளன. உழவும் உரமும் அரித்துக்கொண்டிருக்கும் மேல்மண்ணிலிருந்து வந்தவை பெரும்பாலானவை. விட்டுவைத்திருந்தால் பல அழிந்தே போயிருக்கும்.

சட்டத்தில் ஓட்டைகளும் இருந்தன. 2010-இல் கும்ப்ரியாவில் கிடைத்த ரோமானியத் தலைக்கவசம் வெண்கலம் என்பதாலேயே ‘புதையல்’ ஆகவில்லை. ஏலத்தில் 20 லட்சம் பவுண்டுக்கு மேல் போய்த் தனியார் கைக்குச் சென்றது. அந்த ஓட்டையை 2023-இல்தான் அடைத்தார்கள். தொல்லியலாளர்களின் அச்சமும் நியாயமானது. கருவி உலோகத்துக்கு மட்டுமே ஒலிக்கும்; பக்கத்தில் கிடக்கும் பானையோடும் எலும்பும் அவசரக்காரரின் மண்வெட்டியில் நொறுங்கும். ஆனாலும் நேர்மையாகச் சொன்னவருக்கு நஷ்டம் வராது என்ற உறுதிதான் வாட்லிங்டனைச் சாத்தியமாக்கியது என்று நம்புகிறேன்.

இந்தியாவிலோ, ஆங்கிலேயர் 1878-இல் இயற்றிய புதையல் சட்டமே இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அரசு எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரும். அதாவது, ஒரு சங்ககாலச் செப்புக் காசுக்குச் செம்பின் விலையும் கொஞ்சமும். கிணறு வெட்டும்போது கிடைத்த குடத்தை ஒருவர் ஆட்சியரிடம் கொண்டுபோக வேண்டுமானால், அரசு முதலில் மாற்ற வேண்டியது இந்த ஒரு பிரிவைத்தான்.